வெயிலைக் கூட்டிச் சேர்த்தால்...

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பால்மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுப்பவர்களும் அதை முதுகில் சுமந்தவர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நாள் முழுதும் வெயிலில் கிடந்தாலும் காகிதம் எரிவதில்லை. அதே வெயிலைப் பூதக்கண்ணாடியால் ஒரு புள்ளியில் குவித்தால் புகைகிறது! சிறுதுளி பெருவெள்ளம் என்பது வெயிலுக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் ஆரோவில் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பொதுச் சமையலறையின் கூரைமேல் 15 மீட்டர் அகலத்தில் கிண்ணம்போல ஒன்றைக் கட்டினார்கள். அதன் உட்புறமெல்லாம் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, நீராவிக் கொதிகலன்தான் சூரியன் நகர நகரக் கூடவே நகரும். மேகமில்லாத நாளில் ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நீராவி கிடைக்கும்படி அமைத்தார்கள். விறகும் வேண்டாம், புகையும் இல்லை. லயத்து அடுப்பில் ரப்பர் விறகை ஊதிக் கண் சிவந்த நம் பாட்டிமார்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிரான்சு நாட்டில் ஒடெய்யோ என்ற மலையூரில் இன்னும் பெரிய சூரிய உலை இருக்கிறது. 1960-களில் கட்டியது. மலைச்சரிவில் நிற்கும் 63 கண்ணாடிகள் வெயிலை எதிரேயுள்ள 54 மீட்டர் அகலக் குழிக்கண்ணாடிச் சுவருக்கு அனுப்ப, அது ஒரே இடத்தில் குவிக்கிறது. அங்கே வெப்பம் 3,000 பாகை செல்சியசைத் தாண்டும், இரும்பே உருகிவிடும். 2018-ல் சூரியனை நோக்கிப் புறப்பட்ட பார்க்கர் விண்கலத்தில், வெப்பக் கேடயத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவி உண்டு. அதன் பாகங்கள் தாங்குமா என்று சோதித்தது இந்த உலையில்தான். சூரியனிடம் போகுமுன் சூரியனையே வைத்துப் பரீட்சை! 2017-ல் ஐரோப்பிய அறிஞர்கள் நிலா மண் போன்ற தூளைக் குவித்த வெயிலில் உருக்கிச் செங்கல்லும் செய்தார்கள்.

சரி, நம்ம மலாக்காவில் இது நடக்குமா? நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பழைய குடைக்குள் அலுமினியத் தாளை ஒட்டி, நடுவில் கறுப்புப் பூசிய டப்பாவில் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். கை பொறுக்காத சூடு ஏறியது. மேகம் வந்ததும் அப்படியே நின்றுபோனது. ஏன்? நேராக வரும் கதிரைத்தான் கண்ணாடி குவிக்கும். மேகம் ஒளியைச் சிதறடித்துவிடும். நம் வானமோ பாதி நாள் மேகவானம். ஆனால் சிதறிய ஒளியிலும் மின்சாரம் எடுக்கும் தகடுகள் உண்டு. அதனால்தான் 2014-ல் நம் ஆயர் குரோவில் 8 மெகாவாட் நிலையம் அமைத்தபோது தகடுகளை விரித்தார்கள். வானத்தைப் பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெற்றோர்களே, "அறிவியலெல்லாம் நம்ம பிள்ளைக்கு ஒத்துவராது" என்று நான்காம் படிவத்துக்கு முன்பே முடிவு கட்டிவிடாதீர்கள். குடையும் டப்பாவும் வைத்து, "ஏன் சார் சூடு நின்னுபோச்சு?" என்று கேட்டது நம் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். அந்தக் கேள்வியை வீட்டில் அடக்கிவிட்டால், பள்ளியில் நான் எத்தனை பாடம் நடத்தியும் பயனில்லை.

மாணவர்களே, கண்ணாடியைப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. பார்வை போனால் திரும்பாது.

சிதறிக் கிடக்கும் வெயில் ஒன்றுசேர்ந்தால் இரும்பும் உருகும். வீடும் பள்ளியும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு எது முடியாது?