ஆற்று மட்டமும் நான்கு சொற்களும்



வடசிலாங்கூர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். விடியற்காலைப் பெரட்டு முடிந்தபின், அலுவலகத்தின் முன்னிருந்த மழைமானியைக் கிராணியார் அளந்து குறிப்பேட்டில் எழுதுவார். மரப்பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலிக்கும் கேடு. மழைக்கணக்கு எங்கள் வயிற்றுக் கணக்காகவே இருந்தது. எனினும், அக்குறிப்பேட்டை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

இன்று அந்நிலை மாறிவிட்டது. வடிகால் நீர்ப்பாசனத் துறை, மழையளவையும் ஆற்று மட்டத்தையும் நிலையவாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. உலகக் கடல்மட்டப் பதிவுகளை, 1933இல் தொடங்கப்பெற்ற அனைத்துலகப் பணியகம் ஒன்று கட்டணமின்றி வழங்குகிறது. கிள்ளான் துறைமுகத்தின் பதிவும் அவற்றுள் உண்டு. தரவு திறந்தே இருக்கிறது. அதனைத் தமிழில் எவ்வாறு எடுத்துரைப்பது என்பதே இன்றைய பொருள்.

ஆற்று மட்டத்தைத் துறையினர் நோர்மல், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என நான்கு நிலைகளாகப் பகுக்கின்றனர். பின்னைய மூன்றையும் 'எச்சரிக்கை' என்னும் ஒரே சொல்லால் நாம் குறிப்பதுண்டு. இடர் அங்கேதான் தொடங்குகிறது. வாஸ்பாடா என்பது நீர் இயல்பை மீறி உயர்ந்ததைக் குறிக்கும். அமாரான், வெள்ளமட்டத்தை நெருங்கியதைக் குறிக்கும். பஹாயா, வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவரலாம் என்பதை உணர்த்தும். மூன்றும் ஒன்றானால், ஆற்றோரம் வாழும் முதியவர் எப்போது புறப்படுவார்? 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் மக்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். எனவே இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு சொற்களை வரையறுத்து, பள்ளிதோறும் அவற்றையே வழங்குவோமாக.

கோல சிலாங்கூருக்கு மற்றொரு சொல்லும் வேண்டும். ஆறு கடலில் கலக்கும் ஊர் அது. கடல் பொங்கும் வேளையில் மேட்டுநிலத்து மழைநீர் எளிதில் வடியாது. கடல்நீரின் ஏற்றத்திற்கு 'ஓதம்' என்னும் பழஞ்சொல் நம்மிடம் உள்ளது. அதனை மீட்டுக்கொள்வோம். மழையளவோடு ஓத நேரத்தையும் சேர்த்து எழுதாத அறிக்கை, இவ்வூரைப் பொறுத்தவரை பாதி அறிக்கையே.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. 'எங்கள் தோட்டத்தில் 40 மில்லிமீட்டர் பெய்தது' என்பது வேறு; 'அருகிலுள்ள நிலையத்தில் 40 மில்லிமீட்டர் பதிவாயிற்று' என்பது வேறு. தோட்டத்தில் அளவாதவர் முன்னதைக் கூறலாகாது. ஒரு வெள்ளத்தைக் கண்டதும் 'பருவநிலை மாறிவிட்டது' என முடிவுகட்டுவதும் தகாது. பருவநிலையை அறிய வழக்கமாக 30 ஆண்டுப் பதிவுகளை நோக்குவர். அதேவேளை, காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடைந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கவல்லது என்பதும், 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்பதும் அறிவியல் நிறுவிய உண்மைகள்.

ஆசிரியர்களே, பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானியை நிறுவுங்கள். மாணவர்களே, நாள்தோறும் அளந்து, நிலையப் பதிவோடு ஒப்பிட்டு, நாளும் இடமும் குறித்துத் தமிழில் எழுதுங்கள். பழைய மழைக்காலங்களைப் பாட்டிமாரிடம் கேட்டு, அதனை நினைவு என்றே தனியாகக் குறியுங்கள். கிராணியாரின் குறிப்பேடு பூட்டிய அறையில் இருந்தது. உங்கள் குறிப்பேடு ஊரார் கையில் இருக்கட்டும்.