பழைய நிரலும் புதிய கருவும்



திருப்பூரில் பழைய பின்னல் இயந்திரம் எடைக்குப் போனாலும், அது பின்னிய பனியன் உடுத்தியவர் மேனியில் வாழும். கணினியில் எழுதிய கவிதைக்கு அந்தப் பேறு இல்லை. எழுதிய நிரல் இயங்கினால்தான் கவிதை கண் திறக்கும்.

1980களில் கனடாவில் சீனிவாசன் படைத்த 'ஆதமி' டாஸ் காலத்துத் தமிழ் நிரல். 1985இல் வந்த இன்டெல் 80386 சில்லு, 16 பிட் நிரல்களுக்கெனத் தனி முறைமை ஒன்றைத் தன்னுள் வைத்திருந்தது. 2003இல் வந்த ஏ.எம்.டி.யின் 64 பிட் சில்லு, 64 பிட் முறையில் இயங்குகையில் அதைக் கைவிட்டது. ஆகவே, 64 பிட் விண்டோசில் டாஸ் நிரல் நேரே இயங்காது. டாஸ்பாக்ஸ் போன்றதொரு போலிக் கணினி வேண்டும்.

32 பிட் நிரல்களுக்கு அடைக்கலம் இன்னும் உண்டு. லினக்சின் கெர்னல் எனும் கருநிரல் அவற்றை ஏற்பதும் மறுப்பதும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. 2024 சனவரியில் வந்த 6.7ஆம் பதிப்பு முதல், கணினியைத் தொடங்கும்போதே அவ்வாசலைத் திறக்கலாம், மூடலாம். பயன்படாத வாசலில் கள்வர் நுழையலாம் என்றே மூடுகின்றனர்.

அடைக்கலம் சொந்த வீடு அன்று. எழுத்துக் குறியீடும் மாறிவிட்டது: தமிழக அரசு 1999இல் டாம், டாப் முறைகளை ஏற்றது, 2010இல் யூனிகோடை ஏற்றது. வாசல் திறந்திருக்கும்போதே பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்து, தாளிலும் அச்சிடுதல் வேண்டும். பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டை அப்பணியோடு தொடங்குக.