வாசலோடு நின்றுவிடும் முன்னுரிமை



தலைமை உரைக்கு ஒரு வசதி உண்டு. துறையின் வளர்ச்சியை நாலு வார்த்தை பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இன்று அதற்கு மனம் வரவில்லை. சேமிப்பகங்களில் சர்வர் முன்னுரிமை என்ற நம் கருத்தரங்கப் பொருளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து இருக்கிறது. முன்னுரிமை எந்தச் சேமிப்பகத்தின் திறனையும் துளியும் கூட்டாது. யார் காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்யும். அந்த முடிவையும், பெரும்பாலும், நெரிசல் இல்லாத இடத்தில் எடுக்கிறது.

ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்கைத் தனக்குள்ளேயே வைத்திருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபைபர் சேனல் வலைகள் வந்து, பல சர்வர்கள் ஒரே சேமிப்பகத்தைப் பகிரத் தொடங்கியதும், பில்லிங் டேட்டாபேஸும் பேக்கப்பும் ஒரே டிஸ்க் தொகுதியில் மோதிக்கொண்டன. உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு தீர்வு தந்தார்கள். ஹிட்டாச்சியின் சர்வர் பிரையாரிட்டி மேனேஜரை எடுத்துக்கொள்வோம். சர்வரைச் சேமிப்பக வலையோடு இணைக்கும் எச்.பி.ஏ. அட்டையை அதன் அடையாள எண்ணால் இனங்கண்டு, முக்கியமானது, முக்கியமல்லாதது என்று அது பிரிக்கும். முக்கியமல்லாததற்கு விநாடிக்கு இத்தனை கோரிக்கைகள், அல்லது இத்தனை மெகாபைட் என்று உச்சவரம்பு. முக்கியமான சர்வர்களின் போக்குவரத்து குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் அந்த உச்சவரம்பு தானாக விலகிக்கொள்ளும். சும்மா கிடக்கும் திறனை மற்றவர்கள் பயன்படுத்தட்டுமே என்ற நல்ல எண்ணம்தான்.

அந்த நல்ல எண்ணத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு சர்வரின் போக்குவரத்து வேலை இல்லாமலும் குறையும். டிஸ்க் திணறி, பதில் வராமல், அடுத்த கோரிக்கையை அனுப்ப வழியில்லாமலும் குறையும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதியைப் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகளை நிலுவையில் வைத்திருக்கும் சர்வருக்கு ஒவ்வொரு பதிலும் 1 மில்லி விநாடியில் வந்தால், விநாடிக்கு 32,000 கோரிக்கைகள் ஓடும். அதே பதில் 8 மில்லி விநாடி எடுத்தால் 4,000தான். வாசலில் நின்று தலைகளை எண்ணுகிற நிரலுக்கு ‘சர்வர் ஓய்வெடுக்கிறது’ என்றும் தெரியாது, ‘சர்வர் தவிக்கிறது’ என்றும் தெரியாது. தவிக்கிற நேரம் பார்த்து அது கதவைத் திறந்துவிட்டால், பேக்கப் முழு வேகத்தில் உள்ளே பாயும். வரம்பு மதிப்புகளைக் கவனமாக வைத்தால் இதைத் தவிர்க்கலாம் என்பார்கள். மாதக் கடைசியில் ஒரு சுமை, மற்ற நாளில் வேறு சுமை என்றிருக்கும் இடத்தில் எந்த மதிப்பை வைப்பது?

அடுத்தது கேஷ். என் பார்வையில் மொத்தப் பிரச்சினையின் மையமும் இதுதான். எழுதும் கோரிக்கை வந்ததும் கண்ட்ரோலர் அதை கேஷில் வாங்கிக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று உடனே பதில் சொல்லிவிடுகிறது. டிஸ்க்கில் இறக்குவது பிறகு. அப்படி இறக்கும்போது, இந்தத் தரவு எந்த சர்வரிலிருந்து வந்தது, அதன் முன்னுரிமை என்ன என்ற விவரம் பல கட்டமைப்புகளில் கூடவே போவதில்லை. கோயிலில் சிறப்புத் தரிசனச் சீட்டு வாங்கியவர்களும் தர்ம தரிசனக்காரர்களும் அர்த்த மண்டபத்துக்கு முன்னால் ஒரே வரிசையாகக் கலந்துவிடுவது போலத்தான் இங்கேயும் நடக்கிறது. சீட்டுக்கு வாசலில்தான் மதிப்பு.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு தொகுதியில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்குகள் 48 இருக்கின்றன என்று வையுங்கள். டிஸ்க் ஒன்றுக்கு விநாடிக்கு 75 சிதறிய கோரிக்கைகள் என்றால் மொத்தம் 3,600. ரெய்டு 6 அமைப்பில் ஒரு சிறு எழுத்துக்குப் பின்னால் 6 டிஸ்க் செயல்கள் நடக்கின்றன: பழைய தரவையும் இரண்டு பேரிட்டிகளையும் படிக்க வேண்டும், மூன்றையும் திரும்ப எழுத வேண்டும். ஆக, விநாடிக்கு 600 எழுத்துகள்தான் நிலையாகக் கீழே இறங்கும். கடைநிலை சர்வர் ஒன்று 8 கிலோபைட் எழுத்துகளை விநாடிக்கு 5,000 அனுப்புகிறது. வரம்பு 5,000 என்று நாம்தான் தாராளமாக வைத்தோம், அது வரம்பை மீறவே இல்லை. கேஷில் விநாடிக்குச் சுமார் 35 மெகாபைட் தேங்குகிறது. எழுத்துகளுக்கென ஒதுக்கிய 20 ஜிகாபைட் பத்து நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளைச் சேர்த்து இறக்கும் உத்திகள் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதன்பின் முதல்தர முன்னுரிமை பெற்ற டேட்டாபேஸின் எழுத்தும் கேஷில் இடம் காலியாகும்வரை நின்றுதான் ஆக வேண்டும். நிர்வாகி திரையைப் பார்த்தால் எல்லோரும் வரம்புக்குள்தான் இருக்கிறார்கள். குற்றவாளி பத்து நிமிடத்துக்கு முன் செய்த வேலைக்கு இப்போது தண்டனை அனுபவிப்பவர் வேறொருவர்.

எதை எண்ணுகிறோம் என்பதும் சிக்கல்தான். விநாடிக்கு எத்தனை கோரிக்கைகள் என்று சொல்லும் ஐஓபிஎஸ் அளவு, கேஷிலேயே கிடைத்துவிடும் 4 கிலோபைட் படிப்பையும், டிஸ்க் முள் ஓடித் தேட வேண்டிய 256 கிலோபைட் படிப்பையும் ஒன்று, ஒன்று என்றே எண்ணுகிறது. 15,000 சுழற்சி டிஸ்க் ஒரு சுற்றுக்கு 4 மில்லி விநாடி எடுக்கும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பும் முள் நகரும் நேரமும் சேர்ந்தால் விநாடிக்கு 200 சிதறிய கோரிக்கைகளைத் தாண்டுவது கடினம். அதே டிஸ்க் வரிசையாகப் படித்தால் விநாடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டும். வரிசையாகப் படிக்கும் இரண்டு சர்வர்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்துவிட்டால் இரண்டுமே சிதறிய சுமையாகிவிடுகின்றன. ஃபிளாஷ் வந்தபின் முள்ளும் சுழற்சியும் போயின. ஆனால், ஒருவர் எழுதிக் குவித்ததால் நடக்கும் அழிப்பு வேலைக்குப் பின்னால் மற்றவரின் படிப்பு நிற்க வேண்டியிருப்பது போகவில்லை.

மெய்நிகர் சர்வர்கள் வந்ததும் அடையாளமும் குழம்பியது. ஒரு எச்.பி.ஏ. அட்டைக்குப் பின்னால் இருபது சர்வர்கள் ஒளிந்திருக்கும்போது சேமிப்பகம் யாருக்கு முன்னுரிமை தரும்? விஎம்வேர் 2010-இல் விஸ்பியர் 4.1 பதிப்பில் ஸ்டோரேஜ் ஐ/ஓ கன்ட்ரோலைக் கொண்டுவந்து, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசருக்கு மாற்றியது. தாமதம் 30 மில்லி விநாடியைத் தாண்டினால் பங்கு விகிதப்படி வரிசைகளைச் சுருக்கும் ஏற்பாடு அது. தாமதத்தையே அளவுகோலாக வைத்தது பெரிய முன்னேற்றம் என்பேன். ஆனால் அதே டிஸ்க்குகளைப் பகிரும் வெளிச் சுமை எதன்மீதும் அதற்கு அதிகாரம் கிடையாது.

உச்சவரம்பு வைப்பது எளிது, குறைந்தபட்ச உத்தரவாதம் தருவது கடினம். முதலாவதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு மொத்தத் திறன் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதுவோ சுமையின் கலவைக்கேற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நெட்ஆப்பின் ஆன்டாப் 8.2-இல் உச்சவரம்பு வந்தது. குறைந்தபட்ச உத்தரவாதம் 9.2 வரை காத்திருந்தது. ஆய்வுலகில் 2010-இல் வெளியான எம்கிளாக் கட்டுரை உச்சம், குறைந்தபட்சம், பங்கு விகிதம் மூன்றையும் ஒன்றாகக் கையாளும் வழியைக் காட்டியது. அதற்கும் அடித்தளம், குறைந்தபட்சங்களின் கூட்டுத்தொகை திறனுக்குள் அடங்க வேண்டும் என்பதே. திறனைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்துவிட்ட இடத்தில் எந்த அல்காரிதமும் உதவாது.

இன்னொன்று, சார்புகள். ஆரக்கிள் டேட்டாபேஸை உச்ச முன்னுரிமையில் வைத்துவிட்டு, அதன் ஆர்க்கைவ் லாக் போகும் பகுதியை ‘பழைய கோப்புதானே’ என்று கடைசி வகுப்பில் தள்ளுகிறார்கள். லாக் கோப்புகள் ஆர்க்கைவ் ஆகாமல் அவற்றைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எல்லா லாக்கும் நிரம்பியதும் டேட்டாபேஸ் அப்படியே உறைந்து நிற்கும். முதல்வனின் கழுத்தைக் கடைசி வகுப்பு பிடித்திருப்பது சேமிப்பகத்துக்குத் தெரியவே தெரியாது. மனிதர்கள் செய்வதைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் சர்வரே முக்கியம் என்று கடிதம் கொடுப்பார். கொஞ்ச நாளில் எல்லாமே ‘உயர்’ வகுப்பில் இருக்கும்.

அப்படியானால் முன்னுரிமையே வேண்டாமா? வேண்டும். ஒரு கட்டுக்கடங்காத சோதனை சர்வரைப் பிடித்து நிறுத்த உச்சவரம்பைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் நாள் முழுக்க டிஸ்க் நிரம்பி வழியும் இடத்தில், டிஸ்க்கைக் கூட்டுவதும், டேட்டாபேஸுக்குத் தனித் தொகுதி ஒதுக்குவதும்தான் நேர்மையான தீர்வு. விலை கூடுதல்தான், பலன் நிச்சயம்.

இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்னுரிமை பெற்ற சர்வர் எவ்வளவு பயனடைந்தது என்ற வரைபடம் எல்லோரிடமும் இருக்கும். பக்கத்திலேயே, பின்னுக்குத் தள்ளப்பட்ட சர்வரின் தொண்ணூற்றொன்பதாவது பெர்சன்டைல் தாமதம் எங்கே போனது என்பதையும் காட்டுங்கள். சோதனையை ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் நீங்கள் அளந்தது கேஷைத்தான். கேஷ் நிரம்பிய பிறகும் ஓடவிடுங்கள். முடிந்தால் ஒரு டிஸ்க்கைப் பிடுங்கி, ரெய்டு மறுகட்டமைப்பு நடக்கும்போதும் அளந்து பாருங்கள். கேள்வி நேரத்தில் இந்த எண்களை நான் கட்டாயம் கேட்பேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.