இறங்கும்போதும் அதே கியர்

நாட்றம்பள்ளிக்காரங்க நமக்கு ஒருநாள் லீவு கிடைச்சா ஏலகிரிதான். பொன்னேரியில திரும்பி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறினா புங்கனூர் ஏரி, படகுச் சவாரி. சாயங்காலமே வீட்டுக்கு வந்திடலாம்.

ஆனா மலையில ஏறும்போது இருக்கிற கவனம், இறங்கும்போது நமக்கு இருக்கிறதில்லை. ஒருமுறை நானும் பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கினேன். பாதியில கருகின வாசனை. பயந்து ஓரமா நிறுத்திட்டேன். விடாம அழுத்தினா பிரேக் சூடாகி, பிடிமானம் குறைஞ்சிடும். அதனால ஏறின அதே கியர்லயே இறங்குங்க. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்னா, இடமிருக்கிற இடத்துல நிறுத்தி, பிரேக் ஆறட்டும். குறுகலான ஏற்றத்தில் மேலே வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குபவரின் கடமை, இது விதி.

கிளம்பும் முன் லைசென்ஸ், ஆர்.சி.யை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் சேர்த்துக்கோங்க. அவை சட்டப்படி செல்லும்; கேலரியில இருக்கிற போட்டோ செல்லாது. அவசரம்னா 108.

இருட்டும் முன் இறங்கிடுங்க. வீட்டுல காத்திருக்காங்க.