களஞ்சியமும் குறுந்தகடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

மேடைப் பேச்சு நமக்குப் பழக்கமன்று. பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளை எண்ணிப் பேரேட்டில் பதிவதே நமது தொழில். படிப்போ பத்தாம் வகுப்போடு நின்றது. 'வீட்டுக்கும் பள்ளிக்கும் உதவும் கணினிக் கலைக்களஞ்சியங்கள்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, ஆசிரியப் பெருமக்கள் பலர் வீற்றிருக்கும் அவையில் ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று தயங்கினோம். பின்னர் ஒப்புக்கொண்டமைக்குக் காரணம் நம் மகள். அவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி.

சென்ற ஆண்டு அவள் பள்ளியில், 'உன் குடும்பத்தின் சொந்த ஊர்' என்னும் தலைப்பில் ஓர் ஏடு தயாரிக்கச் சொன்னார்கள். நமது ஊர் மறையூர் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுவோம். உடுமலைப்பேட்டையினின்று சின்னாற்றுக் காட்டைக் கடந்து மூணாறு செல்லும் வழியில் இருப்பது அவ்வூர். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்த நிலப்பகுதிக்கு அஞ்சுநாடு என்று பெயர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடிகள் என்று எம் பெரியோர் தம்மைச் சொல்லிக்கொள்வர். மாநிலம் கேரளம், வீட்டு மொழி தமிழ். அங்கு ஓடும் பாம்பாறும் பெரும்பாலான கேரள ஆறுகளைப் போல் மேற்கு நோக்கிப் போகாமல், கிழக்கே திரும்பி அமராவதியில் கலக்கிறது. ஆற்றுக்கே தாய்வீட்டு நினைவு போலும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மகள் தன் கைபேசியில் தேடி அழகான ஏடு ஒன்றைச் செய்து முடித்தாள். சந்தனக் காடு இருந்தது. பழங்கால மக்கள் கற்பலகைகளை நிறுத்தி அமைத்த முனியறைகள் இருந்தன. மறையூர் வெல்லம் 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற செய்தியும் இருந்தது. யாவும் ஆங்கிலத்தினின்றும் மலையாளத்தினின்றும் எடுத்தவை. படித்துக் காட்டிவிட்டு அவள் கேட்டாள்: "அப்பா, தாத்தா ஆலையில் பாகு இறக்குவாரே, அந்தப் பதம் எப்படிப் பார்ப்பது என்று எதிலுமே போடவில்லையே! அது எங்கே எழுதியிருக்கிறது?"

நமக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியே இவ்வுரைக்கு வித்து.

களஞ்சியம் என்னும் சொல் உழவர் வீட்டுச் சொல். விளைந்த நெல்லைச் சேர்த்து வைக்கும் இடம் களஞ்சியம். அறிவையும் அவ்வாறு சேர்த்து வைக்கலாம் என்று நம் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளில் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று வகைப்படுத்திச் செய்யுளாகச் செய்து வைத்தனர். செய்யுளாகச் செய்தது அழகுக்காக மட்டுமன்று. ஏடு கிடைக்காத பிள்ளையும் நெஞ்சில் எழுதிக்கொண்டு போகலாம் என்பதற்காகவுமாம். மின்சாரம் வேண்டாத களஞ்சியம் அது.

அச்சுக் காலம் வந்தபின் சென்னையில் தமிழாசிரியராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டுகள் தனியே உழைத்து 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்தார். அச்சிடுவார் இன்றி அவர் அலைந்தபோது பாண்டித்துரைத் தேவரின் ஆதரவு கிட்டிற்று. 1910-ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. புராணமும் இலக்கியமும் அதில் மிகுதி. மோட்டார் எவ்வாறு ஓடுகிறது என்று அதில் தேடிப் பயனில்லை.

அக்குறையைத் தீர்க்க எழுந்ததே தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் 'கலைக்களஞ்சியம்'. அன்றைய சென்னை மாகாணக் கல்வியமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946-இல் அக்கழகத்தைத் தோற்றுவித்தார். நாடு விடுதலை பெற்ற 1947-லேயே களஞ்சியப் பணி தொடங்கிற்று. முதன்மைப் பதிப்பாசிரியர் பெ. தூரன், ஆம், இசையரங்குகளில் நாம் கேட்கும் கீர்த்தனைகளை இயற்றிய அதே பெரியசாமித் தூரன்தான். முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968-இல் வந்தது. அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தொடங்கி, அதனையும் பத்துத் தொகுதிகளாக 1976-இல் முடித்தார்கள். ஒரு மனிதர் தம் வாழ்வின் நடுப்பகுதி முழுவதையும் அகரவரிசைக்குக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லலாம். பௌதிகத்துக்கும் மருத்துவத்துக்கும் தமிழில் சொல் இல்லாத இடங்களில் சொல் ஆக்கிக்கொண்டே கட்டுரையும் எழுத வேண்டியிருந்தது. தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே ரயிலையும் ஓட்டிய கதை அது.

சிறுவனாக இருந்தபோது, மலையினின்று இறங்கி உடுமலைக்குப் போகும் நாள்களில், ஒரு வாசகசாலையில் அதன் முதல் தொகுதியை நாம் கண்டிருக்கிறோம். வெல்ல மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டு அப்பா கணக்கு முடித்து வரும் வரை அங்கே உட்கார்ந்திருப்போம். பாதி விளங்காது. எனினும் விளங்காத செய்தியும் தமிழில்தான் இருந்தது. பெரியவனானால் விளங்கும் என்ற நம்பிக்கையை அந்தப் பக்கங்கள் கொடுத்தன.

இனிக் குறுந்தகட்டுக்கு வருவோம்.

கம்பளம் போல் விரிந்து அலமாரி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள் 1980-களில் சுருங்கத் தொடங்கின. 1985-இல் குரோலியர் நிறுவனம் தன் களஞ்சியத்தின் எழுத்துப் பகுதியை ஒரே தகட்டில் அடக்கிற்று. 1989-இல் காம்ப்டன் களஞ்சியம் படமும் ஒலியும் சேர்த்து வந்தது. 1993-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'என்கார்ட்டா'வை வெளியிட்டது. சுமார் 650 மெகாபைட் கொள்ளும் தகடு ஒன்றில் கட்டுரை, நிலப்படம், பறவையின் குரல், அசையும் படம், பிள்ளைகளுக்கு வினா விளையாட்டு எல்லாம் இருந்தன. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள தொகுதிகளை வீடு வீடாக விற்று வந்த பிரிட்டானிக்கா இதன்முன் தளர்ந்தது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பே தனது இறுதி அச்சுப் பதிப்பு என்று அந்நிறுவனம் 2012-இல் அறிவித்துவிட்டது. ஆனால் வென்ற என்கார்ட்டாவும் நிலைக்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த விக்கிப்பீடியாவுக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 2009-இல் அதன் கடையும் கட்டப்பட்டது.

என்கார்ட்டா பிரெஞ்சில் வந்தது, ஜெர்மனில் வந்தது, டச்சு மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் வந்தது. தமிழில் வரவில்லை. 1954-லேயே கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கண்ட மொழிக்கு, பத்துத் தொகுதி கண்ட மொழிக்கு, வீட்டுக் கணினியில் இடும் ஒரு தகடு அந்தப் பதினாறு ஆண்டுகளில் அந்த அளவில் வாய்க்கவில்லை. சந்தை இல்லை என்பார்கள். சந்தை இல்லாத இடத்தில்தான் கழகமும் சங்கமும் வேண்டியிருக்கின்றன.

2004-ஆம் ஆண்டில் நாமும் தவணைக்கு ஒரு பழைய கணினி வாங்கி, அதனோடு ஒரு களஞ்சியத் தகடும் வாங்கினோம். அதன் பெயர் இங்கு வேண்டா. தங்கை மகன் திமிங்கிலத்தின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்தான். நாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் உழைத்தோம். சில ஆண்டுகளில் கணினி மாறிற்று. புதிய கணினி அந்தத் தகட்டை ஏற்க மறுத்தது. பொருள் அப்படியே இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை! ஊருக்குப் போனபோது அதனை அப்பாவிடம் கொடுத்தோம். அவர் அதனைக் கயிற்றில் கட்டிப் பட்டாணிப் பாத்தியின் மேல் தொங்கவிட்டார். வெயிலில் பளிச்சிட்டுப் பறவைகளை விரட்டிற்று. உடுமலையில் நாம் பார்த்த தொகுதியின் உடன்பிறப்புகள் பல நூலகங்களில் இன்றும் கையால் திறந்தால் திறந்துகொள்கின்றன.

இதனால் காகிதமே உயர்ந்தது என்று நாம் வாதிப்பதாக எண்ணிவிடாதீர்கள். இருபது தொகுதிகளையும் ரயில்வே குடியிருப்பு வீட்டில் எங்கே வைப்பது? தூரன் அவர்களின் அந்த இரு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. காசு கொடாமலே படிக்கலாம். அவற்றில் அறிவியல் பழையது. வரலாறும் சொல்வளமும் இன்றும் பயன் தருவன.

நம் போன்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கணினித் தமிழ்க் களஞ்சியங்களை எழுப்பியவர் பலர் ஊரை விட்டு வந்தவர்கள். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதிப் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினர். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் கட்டடக் கலைஞராக வாழ்ந்த இ. மயூரநாதன் அவர்கள், தொடக்க காலத்தில் ஏறத்தாழத் தனியாளாகவே அதில் கட்டுரைகளை எழுதிவந்தார். வேலை முடிந்து வந்து எழுதினார். 2017-இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று. பாலைவனத்தில் பணி முடித்து வந்தவருக்கு இருந்த நேரம், ஒலவக்கோட்டில் பணி முடித்து வரும் நமக்கு இல்லாமற் போகுமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொண்டோம். விடை சொல்ல வெட்கமாக இருந்தது.

"யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் அதை எப்படி நம்புவது?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நமது பேரேட்டைக் கொண்டு விடை கூறினோம். பேரேட்டில் தவறான எண்ணைப் பதிந்துவிட்டால் அழிக்கக்கூடாது. மேலே ஒரு கோடு கிழித்து, சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய எண்ணும் தெரிய வேண்டும். திருத்தியவன் யார் என்பதும் தெரிய வேண்டும். விக்கிப்பீடியாவிலும் 'வரலாறு' என்ற பகுதியைத் திறந்தால் யார், எந்த நாளில், எதை மாற்றினார் என்பது வரிசையாக நிற்கிறது. அதனைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே முதல் பாடம். இக்காலத்தில் கேட்டவுடன் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. கெட்டிக்காரக் கருவிகள்தாம்; ஆனால் அனுப்பியவர் பெயர் இல்லாத பார்சலை நாம் எப்படிச் சோதித்து வாங்குகிறோமோ, அப்படியே அவற்றின் விடையையும் வாங்க வேண்டும்.

இனி மகளின் கேள்விக்குத் திரும்புவோம். பாகுப் பதத்தைப் பற்றி அவளே தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதட்டும் என்று எண்ணினோம். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவள். இதைச் சாக்கிட்டாவது எழுதப் பழகுவாள் என்னும் ஆசை. விதிகளைப் படித்துப் பார்த்தால் அங்கே ஒரு முடிச்சு. எழுதுவதற்கு வெளிவந்த சான்று வேண்டும். 'எங்கள் தாத்தா சொன்னார்' என்பது சான்றாகாது. விதியில் தவறில்லை. ஒவ்வொருவரும் தாத்தா சொன்னதை எழுதினால் களஞ்சியம் சந்தையாகிவிடும். ஆனால் தாத்தா சொன்னது எங்கும் அச்சேறாமலே போனால், அவரோடு அது மறைந்தும் போகும். அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. கரும்பை விட்டுப் பலர் வேறு பயிருக்குப் போய்விட்டனர். ஆலைக் கொட்டகைகளும் முன்போல் இல்லை.

அப்போதுதான் வீட்டில் அடுக்கி வைத்திருந்த நம் சங்கத்தின் பழைய மலர்கள் கண்ணில் பட்டன. வாழ்த்துரைகள், குழுப் படங்கள், விளம்பரங்கள், சில கவிதைகள். (கவிஞர்கள் மன்னிக்க!) இதுவும் ஓர் அச்சு வெளியீடுதானே! ஆண்டும் பக்க எண்ணும் உடையதுதானே! பெரிய நூல்களுக்கு உள்ள மதிப்பு இதற்குக் கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தில் இது ஒரு முதற்படி. நம் குடியிருப்பில் சித்தூர்க்காரர் இருக்கிறார்கள். தேனி, திருநெல்வேலி, காந்தளூர்க்காரர் இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் தறி இருந்தது. ஒருவர் வீட்டில் ஏலக்காய் உலர்த்தினார்கள். ஒருவரின் தந்தையார் நீராவி எஞ்சினில் கரி தள்ளியவர். அடுத்த மலரில் குடும்பத்துக்கு இரண்டு பக்கம். இன்ன ஊரில், இன்ன ஆண்டுகளில், இன்ன கருவி கொண்டு, இவ்வாறு செய்தோம் என்று எழுத வேண்டும். பெரியவர் சொல்ல, பிள்ளை தமிழில் எழுத வேண்டும். செயலாளர் அவர்கள் தலையசைக்கிறார். அவைக்குறிப்பில் ஏற்றிக்கொள்வார் என்று நம்புகிறோம்.

இன்னொன்றையும் உடன் செய்யலாம். மலையாள விக்கிப்பீடியர்கள் 2010-இல் தேர்ந்தெடுத்த 500 கட்டுரைகளைக் குறுந்தகடாக்கி வெளியிட்டார்கள். இன்று தகடு கூட வேண்டா. 'கிவிக்ஸ்' என்னும் இலவச மென்பொருள் வழியே தமிழ் விக்கிப்பீடியாவைச் சுருக்கி ஒரு பென் டிரைவில் அடக்கலாம். பின்னர் இணையம் இல்லாமலே படிக்கலாம். சங்க அறையில் தூசி படிந்திருக்கும் கணினிக்கு ஒன்று. மறையூர்ப் பக்கத்தில் கைபேசிச் சைகை எட்டாத மலைக்குடிகளின் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு ஒன்று. முதலாவது பென் டிரைவின் செலவு நம்முடையது.

நமது இரண்டு பக்கத்தை நாம் தொடங்கிவிட்டோம். போன ஞாயிறன்று மகள் தொலைபேசியில் தாத்தாவைக் கேட்டு எழுதினாள். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது அழுக்கு எடுப்பது, பாகை மரத்தொட்டியில் ஊற்றி ஆற்றுவது, கையாலேயே உருண்டை பிடிப்பது வரை தடையில்லை. பதத்துக்கு வந்தபோது, "தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டினால் விரலுக்கு அடங்க வேண்டும்" என்றார் தாத்தா. பக்கத்தில் இருந்த பெரியப்பாவோ, "அது மழைக்காலக் கரும்புக்கு, கோடையில் அதற்கு முன்பே இறக்க வேண்டும்" என்று மறுத்தார். இருவரும் தொலைபேசியை மறந்து வாதிடத் தொடங்கிவிட்டனர். மகள் இரண்டையும் எழுதி, எது யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறாள். வரும் விடுமுறையில் ஆலைக்கே போய்ப் பார்த்து வரலாம் என்கிறாள். விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.