மடகாஸ்கர் தந்த ஒற்றை நாற்று



ஏலாக்குறிச்சி கொள்ளிடக் கரையைப் போலவே, ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் தீவிலும் நெல்தான் உயிர். அங்கே 1983 வாக்கில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஏழை விவசாயிகளுடன் பாடுபட்டுக் கண்ட முறைதான் ஒற்றை நாற்று நடவு. 2000-ல் நமது வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தது. பிறகு அரசே 'செம்மை நெல் சாகுபடி' என்று பரப்பியது. களையெடுக்கும் கோனோவீடர் பிலிப்பைன்ஸில் உருவானது. இந்த அறிவுக்கு யாரும் விலை கேட்கவில்லை.

ஏக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ விதை போதும். 14 நாள் நாற்றை, 25 செ.மீ. சதுரத்தில், குத்துக்கு ஒன்றாக நடுங்க. மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டதும் 2.5 செ.மீ. தண்ணீர் கட்டுங்க. பத்து நாளுக்கொருமுறை கோனோவீடர் உருட்டுங்க.

தண்ணீர் வடியாத பள்ள வயலுக்கு இது ஒத்துவராது. முதலில் பத்து சென்டில் நட்டுப் பாருங்க. கண்டதை வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்க. நாளைக்கு இன்னொரு நாட்டு விவசாயிக்கு அது உதவும்.