மூலமும் உரையும்: மாங்க் வாசித்த எலிங்டன்



முன்னோர் பாடலைப் பின்வந்தோர் எடுத்தாளும்போது அதில் எவருடைய குரல் ஒலிக்க வேண்டும்? கவிஞர்க்கு என்றுமுள்ள இவ்வினாவிற்கு அமெரிக்க ஜாஸ் இசையிலும் ஒரு விடை உண்டு. பியானோக் கலைஞர் தெலோனியஸ் மாங்க், டியூக் எலிங்டனின் எட்டுப் பாடல்களை வாசித்து 1955 ஜூலையில் பதிவு செய்த இசைத்தட்டே அது.

அப்போது மாங்கிற்கு வயது 37. புதுமையான ஆக்கங்கள் பல தந்திருந்தும் 'புரியாத இசைஞர்' என்னும் பெயரே அவர்க்கு வாய்த்திருந்தது. மது வழங்கும் விடுதிகளில் வாசிப்பதற்கு நியூயார்க் காவல்துறை அந்நாளில் தந்துவந்த அனுமதி அட்டையையும் 1951இல் இழந்திருந்தார். அவரைப் புதிதாக ஒப்பந்தம் செய்த ரிவர்சைடு நிறுவனம், மக்கள் அறிந்த பாடல்களை முதலில் வாசித்தால் கேட்போர் தயங்காது அணுகுவர் எனக் கருதியது. மாங்கும் இசைந்தார். அத்தட்டில் அவர்தம் ஆக்கம் ஒன்றேனும் இல்லை.

பிறர் பாடலுக்குள் தம்மை இழந்துவிடும் இடர் அங்கே இருந்தது. மாங்க் மெட்டை மறைக்கவில்லை; எவரும் இனங்காணுமாறு முன்வைத்தார். ஆயினும் எதிர்பார்த்த சுரத்தைச் சற்றே தாமதித்து இறக்கினார். இனிய சுரங்களுக்கிடையே உரசும் சுரமொன்றைச் சேர்த்தார். பிறர் நிரப்பும் இடத்தை வெறுமையாக விட்டார். உடன் வாசித்தவர்கள் இருவர்: டிரம்ஸில் கென்னி கிளார்க், பாஸில், முன்னர் எலிங்டன் குழுவிலேயே இருந்த ஆஸ்கர் பெட்டிஃபோர்டு. 'சாலிட்யூட்' பாடலில் இவ்விருவரும் ஒதுங்கிக்கொள்ள, பியானோ மட்டும் ஒலிக்கிறது. தனிமை எனப் பொருள்படும் அத்தலைப்பிற்கு இதனினும் பொருந்திய உரை வேறில்லை.

அடக்கி வாசித்தார் எனக் குறை கூறியோரும் உளர். அவர்கள் ஒன்றை நோக்கவில்லை. எலிங்டனும் பியானோக் கலைஞரே. இடக்கை தாளம் நடத்த வலக்கை மெட்டுரைக்கும் ஹார்லெம் 'ஸ்டிரைடு' மரபு இருவர்க்கும் பொதுவான வேர். எலிங்டன் பாடல்களைப் பெரிய இசைக்குழுவின் வண்ணங்களாகவே உலகம் அறிந்திருந்தது. மாங்க் அவ்வண்ணங்களை விலக்கி அடியிலிருந்த கோட்டினைக் காட்டினார். மூலத்தில் மறைந்திருந்ததை வெளிக்கொணர்வதே நல்லுரை.

1956இன் இறுதியில் மாங்க் பதிவு செய்த 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' தட்டிலுள்ள ஐந்தனுள் நான்கு அவருடைய ஆக்கங்கள். எலிங்டன் பாடல்களில் கேட்ட அதே இடைவெளியும் உரசலும் அங்கும் ஒலிக்கின்றன. முன்னோரிடம் பணிந்து நின்றபோதும் அவர் தம் குரலை இழந்திலர். மரபைப் பயிலும் இளங்கவிஞர் மனங்கொள்ளத்தக்கது இதுவே.